சத்தம் போடாத டிஸ்க்

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, மொட்டை மாடி மோட்டார் அறையில் எங்கள் லேப்டாப் செத்துப்போனது. செத்துப்போனது என்பது பாதி உண்மைதான். அது சாகத் தொடங்கியிருந்தது. மீதியை நான் செய்து முடித்தேன்.

நானும் அக்காவும் லிஃப்ட் பராமரிக்கிறவர்கள். ஒரு வேன், ஒரு லேப்டாப், இருபத்தாறு கட்டடங்கள். இரும்பும் கயிறும் அக்கா பக்கம். மின்சாரமும் பலகைகளும் என் பக்கம். லிஃப்டில் ஆள் ஏறும் பெட்டி தொங்கும் கயிற்றின் மறுமுனையில் இரும்புப் பாளங்கள் அடுக்கிய ஒரு சட்டம் தொங்கும். பெட்டி ஏறும்போது அது இறங்கும், பெட்டி இறங்கும்போது அது ஏறும். இரண்டும் ஏறக்குறைய சம எடை என்பதால்தான் ஒரு சின்ன மோட்டார் எட்டுப் பேரைத் தூக்கிவிடுகிறது. அதற்குக் கவுண்டர் வெயிட் என்று பெயர். அக்காவையும் நான் அப்படித்தான் சொல்வேன், அவள் காதில் விழாத தூரத்தில்.

அந்தக் கட்டடத்தில் தரைத்தளத்தையும் சேர்த்து எட்டு நிறுத்தம், ஒரே லிஃப்ட். தெருவில் மின்சாரக் கம்பி மாற்றுகிறோம் என்று இரண்டு நாள் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். திரும்ப வந்தபோது லிஃப்ட் வரவில்லை. போய்ப் பார்த்தேன். கண்ட்ரோல் போர்டில் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் போர்டின் ஞாபகத்தைக் காப்பது அதன் ஒரே வேலை. அது வற்றிப்போயிருந்தது. எந்த மாடி எந்த உயரத்தில் இருக்கிறது, எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்ற எல்லா எண்களையும் லிஃப்ட் மறந்துவிட்டது. இது பெரிய விஷயம் இல்லை. புது பேட்டரி போட்டு, லேப்டாப்பில் வைத்திருக்கும் பிரதியை உள்ளே அனுப்பினால் அரை மணி நேர வேலை.

வழக்கம்போல லேப்டாப்பைக் கண்ட்ரோல் பெட்டியின் தலைமேல் வைத்துத் திறந்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளிருந்து சத்தம் வந்தது: டிக். கொஞ்ச நேரம் கழித்து, டிக்.

ஹார்ட் டிஸ்க்குக்குள்ளே கண்ணாடிபோல ஒரு தட்டு நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதன்மேல் ஒரு முள், தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதந்துகொண்டே படிக்கிறது. இடம் தெரியாமல் போனால் முள் ஓரத்துக்கு ஓடிப்போய் முதலிலிருந்து தேடும். அப்படி ஓரத்தில் போய் இடிக்கிற சத்தம்தான் அந்த டிக். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.

நான் லிஃப்ட்காரன். லிஃப்ட் முரண்டு பிடித்தால் மெயினை அணைப்போம், பத்து எண்ணுவோம், போடுவோம். பத்தில் ஏழு தடவை சரியாகிவிடும். இருபது வருடமாக விரலில் ஊறிப்போன பழக்கம். அணைத்தேன், எண்ணினேன், போட்டேன். டிக். திரும்ப அணைத்தேன். பதினோரு தடவை அப்படிச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் தட்டு சுற்ற ஆரம்பித்தபோது அடிபட்ட முள் அதில் கோடு கிழித்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

அக்கா மேலே வந்தபோது அவளுக்குப் பின்னால் குடியிருப்போர் சங்கச் செயலாளரும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒருவரும் வந்தார்கள். அந்த லிஃப்டைச் செய்த கம்பெனியின் ஆள். யார் கூப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. செயலாளர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேடம், இந்த மாடலுக்கு சப்போர்ட் நிறுத்தி ஆறு வருஷமாச்சு," என்றார் அட்டைக்காரர். "கண்ட்ரோல் முழுசையும் மாத்திட்டா உங்களுக்கும் தலைவலி இல்ல. ஆறு வாரத்துல புதுசு ஓடும்."

"ஆறு வாரம் எல்லாரும் பறந்து போவாங்களா?" என்றாள் அக்கா.

"படி இருக்கே."

"ஏழாவது மாடி டீச்சருக்கு?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். "நாலு பசங்கள வச்சுத் தூக்கிட்டு இறங்கலாம்னு சொல்லிப் பாத்தோம்மா. அவங்கதான் ஒத்துக்கல."

ஏழாவது மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் கணக்கு டீச்சர். மூன்று நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. தூக்குகிறோம் என்று வந்தவர்களிடம், "நான் என்ன பீரோவா? லிஃப்டச் சரி பண்ணுங்க, நானே வர்றேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாராம். அது மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தரைத்தளத்தில் கூட்டம் போட்டு, புது கண்ட்ரோலுக்கு ஒப்புதல் வாங்கப்போவதாகச் செயலாளர் அறிவிப்பு ஒட்டியிருந்தார். டீச்சர் அதற்கு ஒரு பதில் எழுதி அனுப்பியிருந்தார்: லிஃப்ட் இல்லாவிட்டால் கூட்டத்தை ஏழாவது மாடியில் வையுங்கள். செயலாளருக்கு நான்காவது மாடி ஏறவே முட்டி வலி.

"ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்குள்ள ஓடிச்சுன்னா?" என்று அக்கா கேட்டாள்.

"ஓடிச்சுன்னா வேற பேச்சு," என்றார் செயலாளர். அட்டைக்காரர் கறுத்த திரையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அக்கா ஒருவேளை யோசித்திருப்பாள்.

வேனில் ஏறியதும் சொன்னேன்: "அக்கா, வேற லேப்டாப் வாங்கலாமே."

"வாங்கி?"

அவள் கேட்டது நியாயம்தான். போர்டோடு பேசும் அந்த மென்பொருளைச் செய்தவர்கள் கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. திரும்ப நிறுவ மூலச் சிடி இல்லை. அது பழைய லேப்டாப்பில், பழைய விண்டோஸில், ஒன்பது ஊசி வாயுள்ள பழைய கேபிளில்தான் பேசும். புது லேப்டாப்பில் அந்த வாயே கிடையாது. இடையில் ஒரு மாற்றுக் கருவி போட்டுப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேச்சில் வார்த்தையை விழுங்கிவிடும். ஆக, இந்த லேப்டாப்புக்குள் புது டிஸ்க் போட்டு, பழைய டிஸ்க்கில் இருப்பதை ஒன்று விடாமல் அதற்கு மாற்றியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை திறக்கும்போதே போய் நின்றோம். கடைக்காரருக்கு நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாக மேசையில் வைத்தார்.

"அக்கா, மனசுல வச்சுக்காதீங்க. இது செய்யவேண்டியதெல்லாம் செஞ்சிடுச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஷோகேஸ்ல வைங்க."

"உங்க நெத்தில இருக்கற கண்ணாடி எத்தன வருஷம்?" என்றாள் அக்கா.

"அது... பதினாலு."

"அத எப்ப ஷோகேஸ்ல வைக்கறீங்க?"

அவர் சிரித்துவிட்டார். திருகாணிகளைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தார். உள்ளங்கை அளவுதான். எத்தனை தடவை அணைத்துப் போட்டேன் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதினொண்ணா?"

"லிஃப்டுக்கு அப்படித்தானே பண்ணுவோம்."

"லிஃப்டுக்குள்ள கண்ணாடித் தட்டா சுத்துது?"

கடைக்காரர் எனக்காகப் பரிந்து பேசினார். "சார் மட்டும் இல்லக்கா, பாதிப் பேர் இதத்தான் பண்றாங்க. ஆனா இதுக்கு வேற நோவும் இருக்கு. நீங்க இத எங்க வச்சு வேலை பாப்பீங்க?"

மோட்டார் ஓடும்போது கண்ட்ரோல் பெட்டியின் மேலேயும், லிஃப்ட் பெட்டியின் கூரையில் நின்று போகும்போது காலடியிலும் என்றேன். அவர் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றிவிட்டார்.

"ஓடற டிஸ்க்க கையில வச்சுக்கிட்டு லிஃப்ட் கூரையில நின்னு மேலயும் கீழயும் போயிருக்கீங்க. நிறுத்தும்போதெல்லாம் குலுங்கும் இல்ல? இத்தன வருஷம் இது உயிரோட இருந்ததே உங்க மேல இருக்கற பாசத்துல."

பிறகு என்னென்ன இருக்கிறது என்று எடுத்து வைத்தார். முதலாவது, பழையதைப் போலவே சுற்றுகிற டிஸ்க், அதே கொள்ளளவு. "புதுசு," என்றார். இரண்டாவது எஸ்எஸ்டி, சுற்றும் தட்டே இல்லாத, வெறும் சில்லுகள் மட்டும் உள்ள டிஸ்க்.

நான் எஸ்எஸ்டியை எடுத்தேன். அக்கா சுற்றுகிறதை எடுத்தாள். நாங்கள் இருவரும் ஒரே பொருளை எடுத்திருந்தால்தான் ஆச்சரியம்.

"அக்கா, இதுல அசையற பாகமே இல்ல. எவ்வளவு குலுக்கினாலும் ஒண்ணும் ஆகாது."

"சாகும்போது?"

"என்ன சாகும்போது?"

"இது," என்று பழைய டிஸ்க்கைத் தட்டினாள், "டிக்குனு சொல்லிட்டுத்தானே படுத்துது? அது சொல்லுமா?"

கடைக்காரர் ஒப்புக்கொண்டார். "அது பெரும்பாலும் சொல்லாதுக்கா. சாயந்தரம் வேலை செய்யும். காலையில பாத்தா டிஸ்க்கே இல்லன்னு லேப்டாப் சொல்லும்."

"எனக்கு வேணாம். சொல்லாமப் போற எதையும் நான் நம்ப மாட்டேன்."

அக்கா ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். லிஃப்டின் கயிறு நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்தது. அது திடீரென்று அறுந்துவிடாது. முதலில் வெளியே ஒரு கம்பி உடைந்து முள்போல நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு இன்னொன்று. அக்கா துணியைக் கயிற்றில் சுற்றி மெதுவாக ஓடவிடுவாள். முள் துணியில் சிக்கும் இடத்தில் நிறுத்தி எண்ணுவாள். குறிப்பிட்ட நீளத்தில் இத்தனை முள்ளுக்கு மேல் போனால் கயிற்றை மாற்றிவிடுவாள். இந்தத் தொழில் முழுக்க, தேய்வதைத் தேயும்போதே கண்டுபிடிப்பதில்தான் நிற்கிறது.

"சரி, அப்ப இதயே போட்டுடலாம்," என்று கடைக்காரர் சுற்றுகிற டிஸ்க்கின் உறையைக் கிழிக்கப்போனார்.

"இருங்க. இது எத்தன மணி நேரம் ஓடியிருக்கு?"

"புதுசுக்கா. ஓடவே இல்ல."

"எங்க லிஃப்டுல எத்தன தடவ ஓடிச்சுன்னு கணக்கு இருக்கும். இதுல இல்லாமயா போகும்? காட்டுங்க."

அவர் தன் கணினியில் செருகிக் காட்டினார். ஓடிய மணி நேரம்: பூஜ்ஜியம். அக்கா தலையாட்டினாள். பிறகு டிஸ்க்கைக் கையில் வாங்கி, செருகும் வாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அங்கே தங்கப்பூச்சுள்ள சின்னச் சின்னப் பட்டைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு முறை செருகும்போதும் எதிர்ப்பக்கத்துப் பட்டை உரசி ஒரு மெல்லிய கோடு விழும்.

"தம்பி, இங்க பாரு. கணக்குல பூஜ்ஜியம். பல்லுல எத்தன கோடு?"

பார்த்தேன். புதுசென்றால் தொழிற்சாலையில் சோதித்த கோடு ஒன்றிரண்டு இருக்கலாம். இதில் பூச்சே தேய்ந்து அடியில் இருக்கும் உலோகம் தெரிந்தது. எங்கேயோ பல வருடம் ஓடிய டிஸ்க். கணக்கை அழித்து, மேலே புது லேபிள் ஒட்டி, உறை போட்டிருக்கிறார்கள்.

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். நெற்றிக் கண்ணாடியை இறக்கி இன்னொரு முறை பார்த்தார். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. மொத்தமா வாங்கறது. புதுசுன்னுதான் குடுத்தான்."

"உங்களச் சொல்லல. கணக்க யாரு வேணா மாத்தி எழுதலாம். தேஞ்சத மாத்த முடியாது."

"அப்ப சுத்தறதுல நம்பற மாதிரி இப்ப என்கிட்ட எதுவும் இல்ல," என்றார் அவர். "வரவழைக்க ஒரு வாரம் ஆகும்."

வாசலில் ஒரு ஸ்கூட்டர் இடம் தேடி உறுமிக்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்தது இரண்டரை நாள். அக்கா எஸ்எஸ்டியை ஒரு முறை பார்த்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளிடம் வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. அதனால் வாதாடாமல் ஒன்று கேட்டேன்.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரி லிஃப்டுல கயிறு இல்லையே, பட்டை தானே?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அதுல கம்பியெல்லாம் ரப்பருக்குள்ள இருக்கு. முள்ளு வெளிய வராது. உன் துணியில சிக்காது. நீ எப்படி மாத்தற?"

அந்தப் பட்டைக்கு ஓட்டக் கணக்குதான். இத்தனை ஓட்டம் ஆனதும், பார்வைக்குப் புதுசாக இருந்தாலும், கழற்றிவிட வேண்டும். அதை அவளே நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள்.

கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "இதுவும் அதேதான்க்கா. இதுக்குள்ள கோடிக்கணக்குல குட்டிக் குட்டி அறை. ஒவ்வொரு அறையிலயும் கொஞ்சம் மின்சாரத்த அடைச்சு வச்சுதான் எழுதறது. எழுதும்போதெல்லாம் அறையோட சுவர் துளி தேயும். படிச்சா தேய்மானம் இல்லன்னே வச்சுக்கலாம். எவ்வளவு எழுதியாச்சுன்னு அதுவே கணக்கு வைக்கும். நீங்க வருஷத்துக்கு எவ்வளவு எழுதுவீங்க?"

"ஒரு கட்டடத்துக்கு ஒரு பக்கம் எண்ணு," என்றேன். "எப்பவாவது."

"அப்ப உங்க ஆயுசுக்கு மேல வரும். ஆனா ஒண்ணு. வருஷக்கணக்கா மின்சாரமே குடுக்காம பீரோவுல பூட்டி வச்சா அறையில இருக்கறது மெல்ல மெல்லக் கசிஞ்சுடும். அப்பப்ப எடுத்து ஓட்டணும்."

"எங்ககிட்ட வந்தது எதுவும் சும்மா உக்காராது," என்றாள் அக்கா. "கணக்க எவனாவது அழிச்சிருந்தா?"

"நீங்களே பல்லப் பாருங்க," என்று மூன்று எஸ்எஸ்டிகளை எடுத்து வரிசையாக வைத்தார். அக்கா மூன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கோடு இல்லாத ஒன்றை எடுத்தாள். அது பழைய டிஸ்க்கைவிடக் கொஞ்சம் பெரிய கொள்ளளவு. அதுவே நல்லது என்றார் கடைக்காரர். ஒரே அளவு என்று எழுதியிருக்கும் இரண்டு டிஸ்க்குகள் உள்ளே மயிரிழை வித்தியாசப்படும். புதுசு ஒரு துளி சிறியதாக இருந்தாலும் கடைசிப் பகுதி உட்கார இடமிருக்காது. பழையது ஒன்பதரை மில்லிமீட்டர் தடிமன், புதுசு ஏழு. மீதி இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் கொடுத்தார். லிஃப்ட் ஓடும் தண்டவாளத்துக்கு அடியில் தகடு வைப்பதுபோலத்தான் என்பதால் அது மட்டும் அக்காவுக்கு உடனே பிடித்துப்போனது.

"ஒரு நிபந்தன," என்றாள் என்னிடம். "மாசத்துக்கு ஒரு தடவ எல்லா எண்ணையும் வேற ரெண்டு எடத்துல எடுத்து வைக்கற. சொல்லாமச் சாகறவன வச்சுக் குடும்பம் நடத்தணும்னா நாமதான் உஷாரா இருக்கணும்."

பழையதிலிருந்து பிரதி எடுக்கும் வேலையைக் கடைக்காரர் தானே செய்துதருவதாகச் சொன்னார். அதற்கு ஒரு முறை இருக்கிறது. சாகப்போகும் டிஸ்க்கிடம் முதலில் கஷ்டமான கேள்வி கேட்கக் கூடாது. சுலபமாகப் படிக்க வருவதை எல்லாம் முதல் சுற்றில் அள்ளிக்கொள்ள வேண்டும். தடுக்கிற இடம் வந்தால் அங்கே மல்லுக்கட்டாமல், குறித்துவைத்துக்கொண்டு தாண்டிப்போய்விட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு குறித்த இடங்களுக்குத் திரும்பி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கெஞ்ச வேண்டும். கெஞ்சும்போது செத்தாலும் அள்ளியது கையில் இருக்கும். பழைய டிஸ்க்கின் மேல் ஒரு சின்ன விசிறியை வைத்து ஓடவிட்டார். வெள்ளிக்கிழமை முழுக்க அது ஓடியது. சனிக்கிழமை பகலில் கெஞ்சினார். மூன்று மணிக்கு டிஸ்க் நீளமாக ஒரு சத்தம் போட்டு நின்றது. அதற்குள் ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டுப் பங்கு வந்துவிட்டது.

புது டிஸ்க்கை லேப்டாப்பில் பொருத்தினோம். திரை வெளிச்சமானது. மென்பொருள் திறந்தது. ஒரு கட்டடத்தின் கோப்பைத் திறந்தேன்; இருந்தது. அடுத்தது, இருந்தது. நமக்கு வேண்டிய கட்டடத்தைத் திறந்தேன். கோப்பு சேதமடைந்துள்ளது என்று திரையில் ஒரு செய்தி வந்தது.

வராமல் போன அந்த இரண்டு பங்கில் அது இருந்தது. என் பதினோராவது தடவையோ பத்தாவது தடவையோ அந்த இடத்தில்தான் கோடு கிழித்திருக்க வேண்டும்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தாள்.

"பக்கத்துக் கட்டடத்துக் கோப்பு?"

திறந்தேன். அது முழுசாக இருந்தது.

"ரெண்டும் ஒரே ஆள் கட்டினது. ஒரே மோட்டார், ஒரே போர்டு, ஒரே எடை. எது வேற?"

யோசித்தேன். "மாடி உயரம். அங்க தரைத்தளம் கடை, கொஞ்சம் ஒசரம். நம்மளது ஒவ்வொரு மாடியும் வேற எண்ணா இருக்கும்."

"எட்டே எட்டு எண்ணு. அளந்துக்கலாம்."

"அக்கா, ஒரு மில்லிமீட்டர் தவறினாக்கூட..."

"அந்தக் கட்டடத்த நாமதானே வச்சிருக்கோம்? இல்ல, யாராவது தூக்கிட்டுப் போயிட்டாங்களா? எண்ணு தொலைஞ்சா என்ன, மாடி அங்கதானே நிக்குது."

இப்போதைய போர்டுகள் ஒரு முறை மேலிருந்து கீழே தானே ஓடி மாடிகளைக் கற்றுக்கொள்ளும். எங்களுடையது அந்தத் தலைமுறைக்கு முந்தியது. சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். பக்கத்துக் கட்டடத்து எண்களைப் போர்டில் ஏற்றினேன். நான் மோட்டார் அறையில். அக்கா பெட்டிக்குள், கையில் எஃகு அளவுகோல். மோட்டாரின் தண்டில் ஒரு எண்ணும் கருவி இருக்கிறது. தண்டு சுற்றச் சுற்ற அது எண்ணிக்கொண்டே போகும். பெட்டியை ஆமை வேகத்தில் ஒரு மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்துவேன். அக்கா கதவைத் திறந்து, பெட்டியின் தரைக்கும் மாடியின் தரைக்கும் நடுவில் அளவுகோலை வைப்பாள்.

"ஆறு மில்லி மேல," என்பாள் போனில். கதவை மூடுவாள். நகர்த்துவேன். "ஒண்ணு கீழ." நகர்த்துவேன். "நிக்கட்டும். எழுது." திரையில் இருக்கும் எண்ணை எழுதுவேன். பயப்பட ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதும் எண்கள் பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்விப்பிடிக்கும் கொக்கிகளும், உச்சியிலும் அடியிலும் மின்சாரத்தை அறுக்கும் சுவிட்சுகளும் எந்த எண்ணையும் கேட்பதில்லை. அவற்றைத்தான் காலையில் முதலில் சோதித்தோம்.

ஏழாவது மாடியில் கதவு திறந்தபோது டீச்சர் எதிரிலேயே இருந்தார். காலையிலிருந்து அங்கேயே இருக்கிறாராம். போனில் கேட்டது.

"வரலாமா?"

"இன்னும் இல்ல டீச்சர்."

"அந்தக் கழுத்துப்பட்டைக்காரர் நேத்து வந்து, ஆறு வாரம் வீட்டுல ஓய்வா இருங்கன்னாரு. எனக்கு ஓய்வு வேணும்னு அவருகிட்ட யாரு சொன்னா?"

"எங்ககிட்ட, இது ஓடாதுன்னாரு."

"அப்ப ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும். சீக்கிரம் பாருங்க."

மூன்றரைக்கு எட்டு எண்களும் ஏறிவிட்டன. முழு வேகத்தில் நாங்களே மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தோம். மற்ற ஏழு நிறுத்தங்களிலும் அச்சாக நின்றது. டீச்சரின் மாடியில் மட்டும் பதினெட்டு மில்லி தாழ்வாக நின்றது. நடந்து போகிறவனுக்குப் பதினெட்டு மில்லி ஒன்றுமே இல்லை. டீச்சர் தன் நாற்காலியின் முன்சக்கரத்தைக் காட்டினார். தேநீர்க் கோப்பை வைக்கும் தட்டைவிடச் சிறியது.

"திரும்பி வரும்போது அஞ்சு மில்லி வரைக்கும் ஏறும். அதுக்கு மேல இடிச்சு நிக்கும், நான் முன்னால போய் விழுவேன்."

"மத்த ஏழு மாடிக்கும் ஓடுது, போதும்னு சொல்லலாம்," என்றேன் அக்காவிடம், மெதுவாக. நான்கே முக்கால் ஆகியிருந்தது.

"சொல்லு. அவங்க முகத்தப் பாத்து நீயே சொல்லு."

அவள் கையிலிருந்த அளவுகோலை வாங்கிக்கொண்டேன். அக்கா மேல்துண்டை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "நான் கீழ போய்ப் பேச்ச வளக்கறேன். நீ முடி." ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை எனக்கு விட்டுவிட்டு அவள் படியில் இறங்கினாள்.

மோட்டார் அறைக்கு ஓடினேன். ஒரே ஒரு மாடியில் மட்டும் ஏன்? மெதுவாகப் போனால் சரியாக நிற்கிறது, வேகமாகப் போனால் தாழ்கிறது. அப்படியென்றால் உயரத்தில் தப்பு இல்லை, வேகம் குறைக்கும் இடத்தில் தப்பு. பக்கத்துக் கட்டடத்தில் ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் இடையே உள்ள உயரம் நம்முடையதைவிடக் கொஞ்சம் குறைவு. அதன் கணக்குப்படி இங்கே பெட்டி சீக்கிரமே வேகத்தைக் குறைத்து, தவழ்ந்து தவழ்ந்து, நேரம் முடிந்ததும் வந்த இடத்தில் பிரேக் போட்டுக்கொள்கிறது. மேல்மாடிக்கான அந்த ஒரு எண்ணைத் தள்ளி எழுதினேன். ஓட்டினேன். எட்டு மில்லி. இன்னும் தள்ளினேன். மூன்று. இன்னொரு முறை எழுதினேன். இறங்கி வந்து அளவுகோலை வைத்தேன். அதன் முனை எதிலும் தடுக்கவில்லை. பத்து முறை மேலும் கீழும் ஓட்டினேன். பத்து முறையும் அப்படியே.

"டீச்சர்."

அவர் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முன்சக்கரம் தாண்டிய சத்தமே கேட்கவில்லை. பொத்தானையும் அவரே அழுத்தினார்.

கீழே கதவு திறந்தபோது அக்கா, அட்டைக்காரரிடம், அவர் போடப்போகும் புது கண்ட்ரோலுக்கு எத்தனை வருடம் சப்போர்ட் என்று எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர், அது கம்பெனிக் கொள்கையைப் பொறுத்தது என்று நான்காவது விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் லிஃப்டின் பக்கம் திரும்பினார்கள். டீச்சர் நடுவில் இருந்த வழியாக உருண்டுபோய் முதல் வரிசையில் நிறுத்தினார்.

"மன்னிக்கணும், லேட்டாயிடுச்சு," என்றார். "எதுக்கு ஓட்டு?"

அட்டைக்காரர் எழுந்தார். "இது தற்காலிகம்தான். நாளைக்கே அந்த லேப்டாப் மறுபடி போச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நாங்க," என்றாள் அக்கா. "எழுதிக்கோங்க. எண்ணு இப்ப மூணு எடத்துல இருக்கு. மூணும் போனாலும் அளவுகோல் இருக்கு."

செயலாளர் காகிதத்தைப் புரட்டினார். புது கண்ட்ரோல் வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். ஆறு கைகள் உயர்ந்தன. தன் கையைத் தூக்குவதா வேண்டாமா என்று அவர் யோசித்து, காகிதத்தைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்பவர்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் டீச்சரின் கை மேலே இருந்தது. பின்னால் திரும்பி எண்ணியதும் அவரேதான்: இருபது. கணக்கு டீச்சர் எண்ணியதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

கூட்டம் கலைந்தது. நான் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். செயலாளர் லிஃப்டுக்கு முன்னால் வந்து நின்றார். பொத்தானைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், முட்டியைத் தடவிக்கொண்டார்.

"ஏறலாமாம்மா?"

"படி அந்தப் பக்கம் இருக்கு சார்," என்றாள் அக்கா.

அவர் அசையாமல் நின்றார். அக்கா அவரை அப்படியே கொஞ்ச நேரம் நிற்கவிட்டாள். பிறகு அவரை உள்ளே விட்டு, கையை நீட்டி நான்காவது மாடிக்கான பொத்தானை அழுத்திவிட்டு விலகி நின்றாள்.

"இறங்கும்போது கீழ பாருங்க. தடுக்குதான்னு நாளைக்கு வந்து சொல்லணும்."